புல்வெளிப் பண்ணையில் ஒரு துடுக்குக்காரி: லாரா இங்கல்ஸை வளர்த்தது எது?

அமெரிக்க மேற்குப் புல்வெளிகளில் குடியேறிய விவசாயக் குடும்பங்களின் கதைகளில் வாய்த்துடுக்கும் பயமின்மையுமாக ஒரு சிறுமி தவறாமல் வருகிறாளே, நிஜத்தில் அப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்களா, இல்லை பிற்கால எழுத்தாளர்கள் பூசிய வண்ணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வயது மகளுக்கு அந்தக் கதைகளைக் கொடுக்கலாமா என்ற தயக்கமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது.

இருந்தார்கள். நிச்சயமாக இருந்தார்கள். ஆனால் கதைப் புத்தகங்கள் அந்தத் துணிச்சலைப் பிறவிக் குணமாக, வெட்டவெளிக் காற்று தந்த சுதந்திரமாகக் காட்டுகின்றன. கிடைத்திருக்கும் ஆவணங்களைப் படித்தால் எனக்குத் தோன்றுவது வேறு. வீட்டில் வேலைக்கு ஆள் போதவில்லை, கையில் காசு இல்லை, அப்பாவின் கணக்குகள் திரும்பத் திரும்பப் பொய்த்தன. அந்த இடைவெளியில்தான் ஒரு பெண்பிள்ளை ஓடவும் தூக்கவும் சம்பாதிக்கவும் அனுமதிக்கப்பட்டாள். துடுக்கு அவளிடம் முதலிலேயே இருந்திருக்கலாம். அதை அடக்காமல் விட்டுவைத்தது வறுமை.

இதைச் சொல்ல, 'லிட்டில் ஹவுஸ்' என்ற சிறார் நாவல் வரிசையை எழுதிய லாரா இங்கல்ஸை எடுத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி மூன்று விதமான சாட்சியங்கள் இருப்பதுதான் காரணம். முதலாவது, 1932 முதல் வெளிவந்த அவருடைய சிறார் நாவல்கள். இரண்டாவது, அதற்கு முன் 1930இல் பெரியவர்களுக்காக எழுதி, பதிப்பாளர்கள் மறுத்துவிட்ட தன்வரலாறு. அது விரிவான குறிப்புகளோடு அச்சேறியது 2014இல்தான். மூன்றாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நிலப்பதிவு போன்ற அரசாங்கக் காகிதங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாவல் எதை விட்டுவிட்டது என்பது பளிச்சென்று தெரியும். விட்டுவிட்ட இடங்களில்தான் நீங்கள் கேட்கும் விடை இருக்கிறது.

லாரா பிறந்தது 1867 பிப்ரவரி 7, விஸ்கான்சின் மாநிலத்தில் பெப்பின் ஊருக்கு அருகிலுள்ள காட்டில். அப்பா சார்ல்ஸ், அம்மா கரோலின். அக்கா மேரி இரண்டு வயது மூத்தவள். அடுத்த 12 ஆண்டுகளில் அந்தக் குடும்பம் போன வழியைப் பாருங்கள்: 1869 வாக்கில் கான்சாஸ், 1871இல் மறுபடி விஸ்கான்சின், 1874இல் மினசோட்டாவின் வால்நட் குரோவ், 1876இல் அயோவாவின் பர் ஓக், அடுத்த ஆண்டே திரும்ப வால்நட் குரோவ், 1879இல் டகோட்டா பிரதேசம். நாவல்களில் இந்தப் பயணம் ஓயாமல் மேற்கு நோக்கியே போகிற மாதிரி இருக்கும். உண்மையில் பாதிப் பயணம் தோற்றுத் திரும்பியது.

ஏன் இவ்வளவு அலைச்சல்? 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் அரசு நிலத்துக்குப் பதிவு செய்யலாம். அதில் வீடு கட்டி, உழுது, ஐந்து ஆண்டு குடியிருந்து காட்டினால் நிலம் சொந்தம். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் எதைச் சாப்பிடுவது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. நூற்றாண்டுகளாகப் பின்னிக் கிடக்கும் புல்வேரைக் கிழித்து முதல் உழவு ஓட்ட வேண்டும். எருது, கலப்பை, விதை, கதவு ஜன்னலுக்குப் பலகை எல்லாவற்றுக்கும் கடன். முதல் விளைச்சல் நன்றாக வந்தால் பிழைத்தார்கள். வராவிட்டால் அப்பா வெளியூர் கூலிவேலைக்குப் போவார், அம்மாவும் பிள்ளைகளும் நிலத்தைக் காவல் காப்பார்கள்.

பெண்களைப் பற்றி அந்தச் சட்டம் சொன்னதும் கவனிக்கத்தக்கது. மணமாகாத பெண்ணும் விதவையும் தன் பெயரில் நிலம் கோரலாம். கணவனோடு வாழும் பெண் கோர முடியாது. டகோட்டாவில் லாராவின் ஆசிரியையாக இருந்த எலைசா ஜேன் வைல்டர் அப்படித் தன் பெயரிலேயே நிலம் பதிந்து குடியிருந்தவர். பின்னாளில் லாராவுக்கு நாத்தனாரானார். நாவலில் அவர் சிடுமூஞ்சி டீச்சராக மட்டும் வருகிறார். அந்த வயதில் தனியாளாக ஒரு பண்ணையைப் பிடித்து வைத்திருந்த பெண் அவர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வால்நட் குரோவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் குழந்தையின் வாழ்க்கை திசை மாறிய இடம் அதுதான். ஓடைக்கரையைக் குடைந்து, மேலே புல்கட்டி வேய்ந்த குழிவீட்டில் முதலில் குடியிருந்தார்கள். பிறகு விளைச்சலை நம்பிப் பலகை வீடு எழும்பியது. 1875 கோடையில் கோதுமை அறுப்புக்கு நெருங்கி நின்றபோது ராக்கி மலை வெட்டுக்கிளிகள் இறங்கின. அந்த ஆண்டு நெப்ராஸ்கா வானில் கடந்த ஒரு கூட்டத்தை ஆல்பர்ட் சைல்ட் என்ற மருத்துவர், தந்திச் செய்திகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். அகலம் 110 மைல், நீளம் 1,800 மைல் என்று வந்தது. கோதுமை, காய்கறி, மரத்து இலை என்று பச்சையாக இருந்த எதையும் அவை விடவில்லை. போகும்போது மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போயின. அதனால் அடுத்த ஆண்டுப் பயிருக்கும் அப்போதே சாவுமணி அடித்தாகிவிட்டது. அதே பூச்சியினம் அடுத்த 30 ஆண்டுகளுக்குள் பூண்டோடு அழிந்துபோனது. உயிரோடு கடைசியாகச் சேகரிக்கப்பட்டது 1902இல். மலையடிவார ஆற்றுப்படுகைகளில் அது முட்டையிட்ட இடங்களைக் குடியேறிகளின் உழவே கலைத்ததுதான் காரணம் என்பது பூச்சியியலாளர்களின் விளக்கம்.

சார்ல்ஸ் கிழக்கே வெட்டுக்கிளி படாத ஊர்களுக்கு நடந்தே போய் அறுவடைக் கூலியாக வேலை செய்தார். அந்த ஆண்டு நவம்பரில், தன்னிடம் எதுவுமே இல்லை என்று அதிகாரி முன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு, நிவாரண மாவு இரண்டு அரைப் பீப்பாய் வாங்கினார். நாவலில் இந்தக் கையெழுத்து இல்லை. அதில் வரும் அப்பா யார் தயவும் வேண்டாத மனிதர். எனக்கு அந்தக் காகிதத்தின் மீது மதிப்புதான் அதிகம். பெருமையை விழுங்கிவிட்டு மாவு வாங்கிய அப்பா, யாரிடமும் கை நீட்டாத அப்பாவைவிடப் பெரியவராகத் தெரிகிறார்.

அந்த நவம்பர் முதல் தேதிதான் குடும்பத்தின் ஒரே ஆண்பிள்ளை சார்ல்ஸ் ஃபிரெடரிக் பிறந்தான். ஒன்பது மாதத்தில், 1876 ஆகஸ்ட் 27இல் இறந்துபோனான். நாவல்களில் அவன் பிறக்கவே இல்லை. ஆனால் அவன் இல்லாமல் போனதை வைத்துத்தான் லாராவின் இளமையைப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன். பண்ணைக் குடும்பத்தில் மகன் என்றால் இன்னொரு ஜோடிக் கை. இந்த வீட்டில் அந்தக் கை இல்லை. அந்த இடம் காலியாகவே இருந்தது. அதில் போய் நின்றவள் இரண்டாவது மகள்.

மகனைப் பறிகொடுத்த கையோடு அயோவாவின் பர் ஓக் ஊருக்குப் போய் ஓட்டல் நடத்துவதில் கூட்டுச் சேர்ந்தார்கள். ஒன்பது வயது லாராவும் பதினொரு வயது மேரியும் அங்கே பரிமாறினார்கள், பாத்திரம் கழுவினார்கள். பக்கத்திலேயே சாராயக் கடை. அந்த ஊர் டாக்டரின் மனைவி ஒருநாள் வீட்டுக்கு வந்து, தன் பெண்கள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள், லாராவைத் தனக்குத் தந்துவிடுங்கள், மகளாக வளர்த்துக்கொள்கிறேன், துணைக்கும் வேலைக்கும் ஆகும் என்று கேட்டதை லாரா தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கரோலின் சிரித்த முகமாகவே மறுத்துவிட்டார். தன்னைக் கொடுத்துவிடுவார்களோ என்று அந்தச் சிறுமி நடுங்கிப்போனாள். கடைசியில், வாடகைப் பாக்கியைத் தீர்க்க வழியில்லாமல் ஓர் இரவு வண்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பினார்கள். அந்த பர் ஓக் காலத்தை நாவல் வரிசையிலிருந்து அவர் மொத்தமாக நீக்கிவிட்டார். சிறுபிள்ளைகளுக்கு எழுதும்போது அதை விட்டது தவறில்லை. ஆனால் பின்னாளில் எதற்கும் அசராத லாராவைப் படிக்கிறவர்கள், அவள் எதையெல்லாம் பார்த்துவிட்டு அப்படி ஆனாள் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

திரும்ப வால்நட் குரோவுக்கு வந்ததும் அவளுக்குப் பள்ளிக்கூடம் வாய்த்தது. கேள்வியில் நீங்கள் சொன்ன அந்தத் துடுக்குச் சிறுமியை அங்கேதான் நேராகப் பார்க்கிறோம். பையன்களோடு பந்து விளையாடுகிறாள், பனி உருண்டை எறிகிறாள், ஓட்டத்தில் பையன்களுக்குச் சளைக்காமல் ஓடுகிறாள். மேரிக்கு இது அடக்கமில்லாத நடத்தை. அம்மாவுக்கும் கவலை. ஆனால் அதே சிறுமி மீதி நேரத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவி, குழந்தை பார்த்து, வாரத்துக்கு 50 சென்ட் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். சம்பாதித்துக் கொடுக்கிற பிள்ளையின் விளையாட்டை எந்த வீடும் முழுசாகத் தடுக்காது.

1879இல் மேரிக்குக் கடுமையான காய்ச்சல் வந்து பார்வை போனது. அப்போது வயது 14. நாவலில் காரணம் செங்காய்ச்சல் என்று இருக்கும். பழைய கடிதங்களையும் பத்திரிகைக் குறிப்புகளையும் ஆராய்ந்த மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், வைரஸால் வந்த மூளை, மூளையுறை அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள். பார்ப்பதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லும் வேலை லாராவுக்கு வந்தது. சாயங்கால வானத்தின் நிறம், தூரத்து ரயில் புகை, வருகிறவன் நடை என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லியே பழகினாள். அவளுடைய எழுத்தில் நிலமும் வெளிச்சமும் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு வேறு பயிற்சி எதையும் நான் தேட மாட்டேன். குடும்பத்தில் ஆசிரியை ஆகியிருக்க வேண்டியவள் படிப்பில் கெட்டிக்காரியான மேரி. அந்தப் பொறுப்பும் இப்போது தங்கையின் தோளில் ஏறியது.

அந்த ஆண்டே டகோட்டாவுக்குப் போனார்கள். ரயில் பாதை போடும் முகாமில் அப்பாவுக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பிறகு டி ஸ்மெட் என்ற ஊர் அவர்கள் கண்ணெதிரே முளைத்தது. அதற்கு அருகில் சார்ல்ஸ் 160 ஏக்கருக்குப் பதிந்தார். 1880 கோடையில் வைக்கோல் புல் அறுத்துப் போர் போட வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கப் பணமில்லை. லாரா தானாக முன்வந்தாள். வண்டிமேல் ஏறி நின்று, அப்பா வீசும் புல்லை மிதித்து மிதித்து அமுக்கும் வேலை. வெயிலும் தாகமும் உடம்பு வலியும் மாறி மாறி வந்த வேலை. அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை என்று நாவலில் வருகிறது. வயலில் இறங்குவது வேறு நாடுகளிலிருந்து வந்த குடியேறிகளின் பெண்கள் செய்வது, நம் வீட்டுப் பெண்கள் செய்வதல்ல என்பது அவருடைய எண்ணம். பக்கத்து நிலங்களில் நார்வே, ஜெர்மனிப் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் துடுக்குக்காரிகள் என்று சொல்லவில்லை, கதையும் எழுதவில்லை. வயலில் இறங்குவது கௌரவக் குறைவு என்று நினைத்த குடும்பத்துப் பெண் இறங்கியபோதுதான் அது துணிச்சல் என்று பெயர் வாங்கியது. இந்த இடத்தை உங்கள் மகளோடு நின்று பேசலாம்.

அந்த வைக்கோல்தான் அந்தக் குளிர்காலத்தில் உயிர் காத்தது. 1880 அக்டோபர் நடுவிலேயே முதல் பனிப்புயல் வந்துவிட்டது. ஒன்று ஓய்ந்தால் அடுத்தது. ரயில் பாதை வெட்டுகளில் பனி இறுகி, ஜனவரியில் ரயில் நின்றுபோனது. மறுபடி சரக்கு வந்தது மே மாதத்தில். நிலக்கரி தீர்ந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்தது, மாவு தீர்ந்தது. மரமே இல்லாத புல்வெளியில் எரிக்க என்ன இருக்கிறது? வைக்கோலைக் கயிறு போல இறுக முறுக்கி, கட்டை கட்டையாக அடுப்பில் போட்டார்கள். நிமிஷங்களில் எரிந்து முடியும், உடனே அடுத்ததை முறுக்க வேண்டும். குளிரில் விறைத்த விரல்களை வைக்கோல் அறுக்கும். அப்பாவோடு மாறி மாறி அதை முறுக்கியவள் லாரா. இன்னொரு பக்கம் காப்பிக்கொட்டை அரைக்கும் சின்னக் கைமெஷினில் விதைக் கோதுமையைப் போட்டு நாள் முழுக்கச் சுற்றி, அந்த முரட்டு மாவில் ரொட்டி சுட்டார்கள். அதுவும் தீரப்போன நேரத்தில் அல்மன்சோ வைல்டர், கேப் கார்லண்ட் என்ற இரண்டு இளைஞர்கள் புயலுக்கும் புயலுக்கும் நடுவே பனிவண்டி ஓட்டிப்போய் ஒரு விவசாயியிடமிருந்து கோதுமை வாங்கிவந்தார்கள்.

தன்வரலாற்றில் இன்னொரு விவரம் இருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓர் இளம் தம்பதி அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். குழந்தையும் அங்கேயே பிறந்தது. அந்தக் கணவன் வேலைக்குக் கை கொடுக்காமல் அடுப்பருகே நல்ல இடத்தையும் சாப்பாட்டில் முதல் பங்கையும் பிடித்துக்கொண்டான் என்று லாரா எழுதியிருக்கிறார். 50 ஆண்டு கழித்து எழுதும்போதும் கோபம் ஆறவில்லை. நாவலில் அவர்கள் இல்லை. தனித்து நின்று போராடிய குடும்பம் என்ற சித்திரத்துக்கு அவர்கள் இடைஞ்சல்.

அதன்பின் வந்ததெல்லாம் கூலி வேலை. துணிக்கடையில் சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பது. நிலத்தைக் காவல் காக்கும் இன்னொரு குடும்பத்துப் பெண்ணுக்குத் துணையாகப் போய் இருப்பது. கணவன் ஊரில் சம்பாதிக்க, மனைவியும் குழந்தையும் ஆளில்லாத வெளியில் குடிசையில் இருந்தால்தான் பதிவு நிலைக்கும் என்பது அன்றைய நிலைமை. பிறகு, பதினாறு வயதை ஒட்டி, ஊருக்கு 12 மைல் தள்ளி ஒரு பள்ளிக்கு ஆசிரியை. ஐந்தே மாணவர்கள், சிலர் அவளைவிட உயரம். மாதம் 20 டாலர், இரண்டு மாதம். தங்கியிருந்த வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் ஓயாத சண்டை. ஒரு ராத்திரி அந்த அம்மாள் கத்தியோடு நின்றதைத் திரைச்சீலைக்கு இந்தப்பக்கம் படுத்திருந்தபடி பார்த்ததாக எழுதுகிறார். ஊருக்கு ஓடி வந்துவிடவில்லை. இரண்டு மாதம் முடித்து, 40 டாலரையும் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். 1881 முதல் மேரி அயோவாவின் விண்டன் ஊரில் பார்வையற்றோர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கல்விக் கட்டணத்தை டகோட்டா பிரதேச அரசு ஏற்றது. துணிமணிக்கும் போக்குவரத்துக்கும் குடும்பம் தேட வேண்டும். லாராவின் சம்பளம் அங்கே போனது.

என் முழு விடையும் இந்த 40 டாலரில் அடங்கிவிடும் என்றுகூடச் சொல்வேன். அவளுக்குக் கற்பிக்கப் பிடிக்காது, அந்நியர் முன் பேசக் கூச்சம். ஆனாலும் போனாள். காட்டுக்குதிரையில் ஏறிச் சுற்றுவதைக் காட்டும் அத்தியாயங்களில் நாம் மயங்குகிறோம். அவளுடைய உண்மையான துணிச்சல், பிடிக்காத வீட்டில், பிடிக்காத வேலையில், வாரம் முழுதும் வாயை மூடிக்கொண்டு நின்றதில் இருக்கிறது.

வாரக் கடைசியில் அந்த 12 மைலையும் பனிவண்டியில் கடந்து வந்து அவளை வீட்டுக்கு அழைத்துப்போனவர் அதே அல்மன்சோ. 1885 ஆகஸ்ட் 25இல் திருமணம். அவளுக்கு 18, அவருக்கு 28. கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற சொல்லை உறுதிமொழியில் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையும் சம்மதித்தார், பாதிரியாரும் அதை விட்டுவிட்டுத்தான் நடத்தினார். விவசாயியைக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். விவசாயிகள் எப்போதும் கடனில் இருக்கிறார்கள், மனைவிக்கு உழைத்து மாளாது என்பது அவள் கண்ட நேரடி அனுபவம். மூன்று ஆண்டு முயன்று பார்க்கலாம் என்று உடன்பட்டாள். வறட்சி வந்தது, ஆலங்கட்டி மழை வந்தது. 1888இல் தொண்டை அடைப்பான் நோய் கண்டு அல்மன்சோவின் கால்கள் பலம் இழந்தன. 1889 ஆகஸ்டில் பிறந்த மகன் பெயரிடும் முன்பே இறந்தான். அதே மாதம் வீடு எரிந்தது. அவள் பயந்தது ஒன்றுகூடத் தப்பவில்லை.

1894இல் கணவனும் மகள் ரோஸும் தானுமாக மிசௌரியின் மேன்ஸ்ஃபீல்டுக்குப் போய், கல்லும் கரடுமான மண்ணில் ஆப்பிள் தோட்டமும் கோழிப்பண்ணையும் வளர்த்தெடுத்தார். கோழி வளர்ப்பில் அவருக்கிருந்த பெயர்தான் எழுத்துக்கே வாசலைத் திறந்தது. 1911 முதல் ஒரு விவசாயப் பத்திரிகையில் பத்தி எழுதினார். முதல் நாவல் வந்தபோது வயது 65. எழுத்தாளரான ரோஸ் கையெழுத்துப் படிகளை வெகுவாகச் செப்பனிட்டார். அம்மாவும் மகளும் அதைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. தனித்து நின்று யார் உதவியுமின்றி வென்ற குடும்பம் என்ற சாயல் நாவல்களில் தூக்கலாக இருப்பதற்கு 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலமும், அரசு உதவித் திட்டங்கள்மீது அவர்கள் இருவருக்கும் இருந்த வெறுப்பும் ஒரு காரணம். 1957 பிப்ரவரி 10இல், 90 வயதில் லாரா காலமானார்.

ஒரே ஒரு பெண்ணை வைத்துச் சொல்வது போதாது என்றால் ஆனா ஹோவர்ட் ஷாவைப் பாருங்கள். 1847இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1859இல் அப்பா மிச்சிகன் காட்டில் 360 ஏக்கருக்கு உரிமை வாங்கிவிட்டு, மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் அங்கே அனுப்பினார். தான் மாசசூசெட்ஸிலேயே வேலையில் இருந்துகொண்டார். இங்கிலாந்துப் பண்ணை வீட்டைக் கற்பனை செய்துகொண்டு வந்த அம்மா கண்டது நான்கு மரச்சுவர், ஒரு கூரை, கதவுக்கும் ஜன்னலுக்கும் வெறும் ஓட்டைகள், மண் தரை. அப்படியே தரையில் சரிந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த முகத்தைத் தன்னால் மறக்கவே முடியவில்லை என்கிறார் மகள். பக்கத்து ரயில் நிலையம் 100 மைல். அப்போது 12 வயதான ஆனா தம்பியோடு சேர்ந்து, உழ வழியில்லாமல் கோடரியால் புல்தரையைக் கொத்திக் கொத்திச் சோளமும் உருளைக்கிழங்கும் நட்டாள், விறகு வெட்டினாள், தண்ணீர் சுமந்தாள். பதினைந்து வயதில் வாரம் 2 டாலருக்குப் பள்ளி ஆசிரியை. அந்தச் சம்பளமும் ஊரில் நாய் வரி வசூலான பிறகுதான் கைக்கு வந்தது. உள்நாட்டுப் போருக்கு அப்பாவும் அண்ணன்களும் போனபோது வீடு அவள் தலையில். பிறகு மதபோதகராகவும் டாக்டராகவும் பட்டம் பெற்று, 1904 முதல் 1915 வரை பெண்கள் வாக்குரிமைக்கான தேசிய அமைப்புக்குத் தலைமை தாங்கினார். கணவனின் கனவுக்காகக் காட்டில் தனியே விடப்பட்ட ஓர் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண், பிற்பாடு பெண்ணுக்கும் ஓட்டு வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியதில் எனக்கு வியப்பில்லை.

இந்தக் கதைகளில் உங்கள் மகளுக்கு நீங்கள் விளக்கியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. அந்த நிலம் காலி நிலமல்ல. கான்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் மரவீடு கட்டியது ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில். அங்கே குடியேற வெள்ளையருக்கு அப்போது சட்டப்படி உரிமையே கிடையாது. 1870 கணக்கெடுப்பில் அந்தப் பகுதிக் குடும்பங்களின் நில மதிப்புக் கட்டம் வெறுமையாக இருக்கிறது, நிலம் ஓசேஜ்களுக்குச் சொந்தம் என்பதால். குடியேறிகள் அவர்களுடைய பயிர்களையும் குதிரைகளையும் களவாடி நெருக்கினார்கள். அந்த ஆண்டே ஓசேஜ்கள் நிலத்தை விற்க ஒப்புக்கொண்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். நாவலில் அவர்கள் வரிசையாக வெளியேறுவதை ஒரு சிறுமி வாசலில் நின்று பார்க்கிறாள். நிஜத்தில் அப்போது லாராவுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. அது பெற்றோர் சொன்ன கதையின்மேல் எழுந்த காட்சி. அதே வீட்டில் எல்லோரும் மலேரியாவில் விழுந்தபோது வைத்தியம் பார்த்தவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர் என்பதையும் சொல்லுங்கள்.

அந்த நாவலின் முதல் பதிப்பில், அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அமெரிக்கப் பூர்வகுடிகள்) மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு, லாராவின் சம்மதத்தோடு 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பதைக் 'குடியேறிகள்' என்று மாற்றினார்கள். பூர்வகுடிகளைப் பற்றி அம்மா பாத்திரம் வெறுப்போடு பேசும் வரிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் நூல் பிரிவு தன் விருதிலிருந்து லாராவின் பெயரை எடுத்ததற்கு இவைதான் காரணம். நூல்களைத் தடை செய்யவில்லை, படிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எனவே கொடுங்கள் என்பதே என் பதில். பத்து வயதுக்கு டகோட்டாக் குளிர்காலத்தைப் பற்றிய நாவலிலிருந்து தொடங்குவது நல்லது. வைக்கோல் முறுக்குவதும் கோதுமை அரைப்பதும் குழந்தைகளைக் கட்டிப்போடும். கான்சாஸ் பற்றியதைத் தனியாகப் படிக்க விடாமல் கூட உட்கார்ந்து படியுங்கள். ஓசேஜ்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தன்வரலாற்றை அவள் பதினான்கு பதினைந்து வயதைத் தொட்ட பிறகு தரலாம். அதில் குடி, அடிதடி, ஏமாற்று எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன. அந்த வயதில்தான், நாவலில் இல்லாத தம்பியைப் பற்றியும் பர் ஓக் ஓட்டலைப் பற்றியும் அவளே உங்களிடம் கேட்பாள்.